கயாக் அடியில் இரண்டு விரிசல்: மூன்று முறை பிரிந்தது, நாலாவது முறை நின்றது

இரண்டு மணி நேரம் துடுப்புப் போட்டுவிட்டுக் கரையேறியதும் வழக்கம்போல வடிகால் அடைப்பைத் திறந்து படகைச் சாய்த்தேன். மேலே உட்கார்ந்து ஓட்டும் வகைக் கயாக்கில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் உள்ளே போகும், மூடியின் ஓரம் வழியாகவோ திருகு துளை வழியாகவோ, ஒரு டம்ளர் அளவு வந்தால் யாரும் கவலைப்படுவதில்லை. அன்று வந்த தண்ணீரை வாளியில் பிடித்தேன், மூன்று லிட்டருக்கு மேல் இருந்தது. கடைசி அரை மணி நேரம் படகின் பின்பக்கம் கனத்து, இடது பக்கமாக இழுத்துக்கொண்டே இருந்ததற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது.

மூன்று லிட்டர் என்பது மூன்று கிலோ, அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் இந்த வகைப் படகின் உள்ளே பெரும்பாலும் தடுப்புச் சுவர் கிடையாது, ஒரே நீண்ட வெற்றிடம். படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே தண்ணீர் முழுவதும் ஓடிச் சேரும், சாய்வை இன்னும் கூட்டும். மேலே உட்கார்ந்திருப்பவருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவே தெரியாது. அதனால்தான் சின்ன விரிசல் என்று யாராவது சொன்னால் எனக்குப் பதற்றமாக இருக்கிறது. அளவு சின்னதுதான், ஆனால் நாம் கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்று விரிசலுக்குத் தெரியாது.

முதலில் அடைப்பின் ரப்பர் வளையத்தைச் சந்தேகப்பட்டு மாற்றினேன். பலன் இல்லை. அப்புறம் படகை இரண்டு மரத் தாங்கிகளின் மேல் தூக்கி வைத்து, வெளியிலிருந்து தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதை விட்டுவிட்டு, மூடி வழியாக உள்ளே பத்து லிட்டர் தண்ணீர் ஊற்றினேன். துளி நீலச் சாயமும் கலந்தேன். படகைப் பின்பக்கம் தாழ்த்தி வைத்துவிட்டு அடியில் படுத்துப் பார்த்தால் கால் மணி நேரத்தில் விடை கிடைத்துவிட்டது. இருக்கைக்குப் பின்னால் வலது பக்கம் இருக்கும் ஸ்கப்பர் துளையின் விளிம்பைச் சுற்றி, பிறை வடிவத்தில், நீலமாக ஒரு மயிரிழைக் கோடு. நீளம் 40 மில்லிமீட்டர் இருக்கும். இன்னொன்று பின்முனையில், தரையில் உரசித் தேய்ந்திருந்த இடத்தில், படகின் நீளவாக்கில் 70 மில்லிமீட்டர். அது ஏற்கெனவே என் கண்ணில் பட்ட கோடுதான். மேல் கீறல் என்று நினைத்து ஒரு வருஷம் விட்டிருந்தேன். விரல் நகத்தால் தடவினால் கீறலும் விரிசலும் ஒரே மாதிரிதான் இருக்கும், அழுத்திப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்: கீறல் அப்படியே இருக்கும், விரிசல் வாய் திறக்கும்.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைத் தீர்க்காமல் எதை ஒட்டினாலும் வீண். ஸ்கப்பர் துளை என்பது மேல்தளத்தில் விழும் தண்ணீர் கீழே வடிவதற்கான குழாய். மேல்தளமும் அடிப்பகுதியும் சேரும் இடம் அது. உருளும் அச்சுக்குள் தூளைப் போட்டுச் சுற்றி, சூடாக்கி வார்க்கும் படகுகளில் இந்தக் குழாய்ச் சுவர் மற்ற இடங்களை விட மெலிந்துபோவது சாதாரணம். என்னிடம் இருந்த இரண்டு சக்கர வண்டி, இரண்டு முளைகளை அந்தத் துளைகளுக்குள் செருகிப் படகைத் தாங்கும் வகை. வண்டியின் குறுக்குத் தண்டு அடிப்பகுதியில் ஒட்டி உட்கார வேண்டும், முளை வெறுமனே நழுவாமல் பிடிக்க மட்டும்தான். என் வண்டியில் முளைகள் கொஞ்சம் நீளம். அதனால் படகின் எடை முழுவதும் துளையின் விளிம்பில் இறங்கியது, அதுவும் கல்லும் பள்ளமுமான பாதையில், உள்ளே சாமான்களோடு. பின்முனை விரிசல் இன்னும் எளிய கதை: தனியாளாக முன்பக்கத்தைத் தூக்கிப் பின்பக்கத்தைத் தரையில் இழுத்துக்கொண்டு போவது என் பழக்கம். புதிதில் 5 மில்லிமீட்டருக்கு மேல் இருந்திருக்கும் சுவர் அங்கே 2 மில்லிமீட்டராகத் தேய்ந்திருந்தது.

இனி நான் செய்து தோற்றவை.

முதலில் சிலிக்கான் சீலன்ட். விரிசல் மேல் தடவி, ஒரு நாள் காயவிட்டு, இறக்கினேன். இரண்டாவது பயணத்தில் நாடா மாதிரி ஒரே துண்டாக உரிந்து வந்துவிட்டது. அடுத்தது இரண்டு குழாய் கலந்து பூசும் எபாக்ஸி. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சுத்தமாகத் துடைத்து, பொறுமையாகப் பூசினேன். கல் மாதிரி இறுகியது, பார்க்க மிகவும் திருப்தியாக இருந்தது. படகில் ஏறி உட்கார்ந்து அடிப்பகுதி கொஞ்சம் வளைந்ததும் ஒரு ஓரத்தில் டிக் என்று சத்தம் வந்தது. அந்த ஓரத்தில் கத்தி முனையை விட்டால் முழுத் தகடும் கையோடு வந்தது, அடியில் என் படகின் பிளாஸ்டிக் ஒரு துளிகூட ஒட்டியிருக்கவில்லை.

இது அந்தப் பசைகளின் குறை இல்லை. பெரும்பாலான பிளாஸ்டிக் கயாக்குகள் பாலிஎத்திலீன். அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், பரவாது, முத்தாக உருண்டு நிற்கும். தண்ணீருக்குப் பிடிக்காத பரப்பு பசைக்கும் பிடிக்காது, ஏனென்றால் பசை ஒட்டுவதற்கு முன்னால் பரப்பை நனைத்துப் பரவ வேண்டும். இதோடு விரிவடைதல் வேறு. ஒரு மீட்டர் நீளப் பாலிஎத்திலீன் 30 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 3 முதல் 6 மில்லிமீட்டர் நீளும். மேலே இருக்கும் எபாக்ஸி அவ்வளவு நீளாது. வெயிலில் காய்ந்து தண்ணீரில் குளிர்ந்து ஒவ்வொரு முறையும் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும். ஃபைபர்கிளாஸ் துணியும் ரெசினும் போட்டாலும் இதே கதிதான். அது ஃபைபர்கிளாஸ் படகுக்கான வைத்தியம்.

மூன்றாவது முறை வெல்டிங்குக்கு வந்தேன். சால்டரிங் அயர்னால் ராடை, அதாவது அதே வகைப் பிளாஸ்டிக் குச்சியை, உருக்கி விரிசல் மேல் நிரப்பினேன். இரண்டு மாதம் சொட்டு நீர் இல்லை. அப்புறம் பின்முனையில் போட்ட வெல்டிங்கின் வாலுக்கு அப்பால் புதிதாக 15 மில்லிமீட்டர் கோடு நீண்டிருந்தது. மேலும் வெல்டிங்கின் பாதி நீளம் கிளம்பியிருந்தது. அதைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பாகப் பளபளத்தது, ஒரு நார்கூடக் கிழிந்திருக்கவில்லை. அந்தப் பளபளப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. நான் ராடை மட்டும் உருக்கியிருக்கிறேன், படகை உருக்கவே இல்லை. சூடான பிளாஸ்டிக் குளிர்ந்த பிளாஸ்டிக் மேல் படிந்து, அதன் வடிவத்தை அச்செடுத்து, அப்படியே உறைந்திருக்கிறது. இரண்டும் உருகிய நிலையில் சேர்ந்தால்தான் ஒரு பக்கத்து மூலக்கூறுச் சங்கிலி மறுபக்கத்துக்குள் போய்ப் பின்னிக்கொள்ளும். ராட் உருகுவது கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது, அதனால் கவனம் முழுவதும் அங்கே போகிறது. பார்க்க வேண்டியது ராடுக்கு அடியில் இருக்கும் படகை.

நாலாவது முறைக்கு முன்னால் மூன்று வாரம் படகைத் தொடவில்லை, படித்தும் பயிற்சி செய்தும் பார்த்தேன். என்ன பிளாஸ்டிக் என்று உறுதி செய்தது முதல் வேலை. துளை விளிம்பிலிருந்து ஒரு சீவலைக் கத்தியால் எடுத்துத் தண்ணீரில் போட்டேன், மிதந்தது. பாலிஎத்திலீன் மிதக்கும், ஏபிஎஸ் என்ற இன்னொரு வகைப் பிளாஸ்டிக் மூழ்கும். அப்புறம் இன்னொரு சீவலைச் சூடான அயர்ன் முனையில் வைத்தேன். உருகி, இழுத்தால் நூலாக நீண்டது. இது நல்ல செய்தி. பாலிஎத்திலீனிலேயே குறுக்கிணைப்புப் போட்ட ஒரு வகை உண்டு, அதன் சங்கிலிகள் வார்க்கும்போதே ஒன்றோடொன்று கட்டப்பட்டுவிடும். அது சூட்டில் ரப்பர் மாதிரி மெத்தென்று ஆகுமே தவிர ஓடாது, நூல் விடாது, வெல்டிங்கும் ஏற்காது. அப்படிப்பட்ட படகு என்றால் பரப்பின் மேல் நீலச் சுடரை வேகமாக ஓட்டி, தண்ணீர் முத்தாக நிற்காமல் பரவும் அளவுக்கு மாற்றிவிட்டு, உடனே பிளாஸ்டிக்குக்கென்றே வரும் வளையக்கூடிய எபாக்ஸி போடுவதுதான் வழி. மூன்றாவது சீவலை விரலால் மடித்தேன். ஒடியாமல் மடங்கியது. வருஷக்கணக்கில் வெயிலில் கிடந்து வெளுத்து, தொட்டால் சுண்ணாம்புப் பொடி மாதிரி கையில் ஒட்டும் படகில் சீவல் பட்டென்று ஒடியும். அதில் வெல்டிங் போட்டாலும் பக்கத்திலேயே அடுத்த விரிசல் வரும், அந்தப் படகுக்கு என் யோசனை ஓய்வு கொடுப்பதுதான்.

பயிற்சிக்குத் துண்டு வேண்டுமே. துடுப்புக் கொக்கி பொருத்த எப்போதோ மேல்தளத்தில் வெட்டிய வட்டத் துண்டு ஒன்று பெட்டியில் கிடந்தது, அதே படகு, அதே தடிமன். அதில் அறுத்துக் குழி போட்டு, வெல்டிங் செய்து, ஆறவிட்டு, வைஸில் கவ்வி முன்னும் பின்னும் மடித்துப் பார்த்தேன். முதல் மூன்றும் பளபளப்பாக உரிந்தன. நாலாவது உரியவில்லை, இழுத்தபோது படகின் பிளாஸ்டிக்கையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வந்தது. கிழிந்த இடம் வெளுத்து, நார் நாராக இருந்தது. அந்த நாரைப் பார்க்கும் வரை உண்மையான படகில் கை வைக்க வேண்டாம் என்று யாரிடமும் சொல்வேன்.

சரி, வேலைக்கு வருவோம். பழைய வெல்டிங்கைச் சுரண்டி முழுவதும் எடுத்தேன். சிலிக்கான் பட்ட இடத்தைத் தனியாக, இரண்டு விரல் அகலத்துக்கு, புதுப் பிளாஸ்டிக் தெரியும்வரை சீவினேன். சிலிக்கான் கண்ணுக்குத் தெரியாத படலமாக ஒட்டிக்கொண்டிருக்கும், அதன் மேல் எதுவும் பிடிக்காது. மூடியையும் அடைப்பையும் திறந்து வைத்து இரண்டு நாள் காயவிட்டேன். விரிசலுக்குள் ஈரம் இருந்தால் சூட்டில் ஆவியாகி வெல்டிங்குக்குள் குமிழ் விடும். அடைப்பைத் திறந்தே வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: மூடிய படகைச் சூடாக்கினால் உள்ளே காற்று விரிந்து, மெத்தென்று ஆன இடத்தை வெளியே தள்ளும்.

அடுத்தது விரிசலின் முனை. இந்த ஒரு விஷயத்தில்தான் மூன்றாவது முறை பாதி தோற்றேன். கண்ணுக்கு எங்கே முடிகிறதோ அங்கே விரிசல் முடிவதில்லை. மெல்லிய மையை மேலே தடவி, இன்னொருவரை அழுத்தச் சொல்லி, வாய் திறந்து மூடும்போது மை உள்ளே இறங்க விட்டு, ஆல்கஹாலில் நனைத்த துணியால் மேலே துடைத்தேன். மேல் மை போய்விட்டது, விரிசலுக்குள் போனது மட்டும் நின்றது. கண்ணுக்கு 85 மில்லிமீட்டராகத் தெரிந்த கோடு மையில் 93 வந்தது. அந்த மை முனைக்கும் 2 மில்லிமீட்டர் தள்ளி, இரண்டு பக்கமும் 3 மில்லிமீட்டர் ட்ரில் துளை போட்டேன்.

நல்லாயிருக்கும் இடத்தில் ஏன் துளை என்று பக்கத்தில் நின்றவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். 1913ல் சார்ல்ஸ் இங்லிஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், கப்பல் கட்டுமானப் பொறியாளர்களுக்காக எழுதிய கட்டுரையில் இதற்குக் கணக்கு போட்டுக் காட்டினார். தகட்டில் இருக்கும் விரிசலின் முனை எவ்வளவு கூர்மையோ அவ்வளவுக்கு இழுவிசை அந்த முனையில் குவியும். என் விரிசலுக்குப் போட்டுப் பார்த்தேன். முனையின் ஆரம் 0.01 மில்லிமீட்டர் என்று வைத்தால் அங்கே விசை மற்ற இடத்தைப் போல 130 மடங்குக்கு மேல். அதே முனை 3 மில்லிமீட்டர் துளையில் போய் முடிந்தால் 12, 13 மடங்கு. பிளாஸ்டிக் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், அதனால் நிஜத்தில் இந்த எண்கள் அப்படியே வராது, ஆனாலும் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது என்பது சின்ன விஷயமா?

துளைகள் போட்ட பிறகு, விரிசல் நெடுக 'வி' வடிவத்தில் குழி சீவினேன், சுவரின் தடிமனில் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்கு. குழியின் இரண்டு சரிவையும், ஓரத்தில் ஒரு விரல் அகலத்தையும் வெல்டிங்குக்குச் சற்று முன்னால் மறுபடி சுரண்டினேன். வெயில் பட்ட மேல்தோல் உருகினாலும் சரியாகக் கலக்காது, அடியில் இருக்கும் புதுப் பிளாஸ்டிக்தான் கலக்கும்.

சூடு. இந்தப் பிளாஸ்டிக் 120, 130 டிகிரியிலேயே உருகும், ஆனால் சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னின் குறுகிய மூக்கில் காற்று 280 முதல் 300 டிகிரி இருக்க வேண்டியிருந்தது, வழியில் இழப்பு அவ்வளவு. முதலில் மூக்கை ஒரு சாண் தள்ளி வைத்துச் சுற்று வட்டாரத்தை வெதுவெதுப்பாக்கினேன். அப்புறம் நெருங்கி, குழிக்கும் ராட் முனைக்கும் மாறி மாறி ஆட்டினேன். கவனிக்க வேண்டியது குழியின் நிறம். சுரண்டிய பரப்பு மங்கலாக, வெளுப்பாக இருக்கும். சூடேற ஏற அந்த மங்கல் ஒரு நொடியில் மறைந்து, எண்ணெய் பூசினாற்போல ஈரப் பளபளப்பு வரும். அந்த நொடிதான். அதற்கு முன்னால் ராடை அழுத்தினால் பளபளப்பாக உரியும், தாண்டிப் புகை வந்து மஞ்சள் பூத்தால் பிளாஸ்டிக் கருகி வலு போய்விடும். ராடைச் செங்குத்தாகப் பிடித்து, பேனாவால் அழுத்தி எழுதுவது போல அழுத்தி, மெதுவாக நகர்ந்தேன். சரியாகப் போகும்போது ராடின் இரண்டு பக்கமும் சின்ன அலை மாதிரி ஒரு வரம்பு எழும்பிக்கொண்டே வரும். அந்த வரம்பு ராடிலிருந்து மட்டும் வருவதில்லை, படகின் சுவரும் உருகி ஒதுங்குவதால் வருவது அது. இரண்டு பக்கமும் வரம்பு இருந்தால் தைரியமாக மேலே போகலாம். ஒரு பக்கம் மட்டும் எழுந்தால் மறுபக்கம் குளிர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

93 மில்லிமீட்டருக்கு முப்பது நிமிஷம் ஆனது. குழி நிரம்ப இரண்டு ஓட்டம் தேவைப்பட்டது. ட்ரில் துளைகளைத் தாண்டி இரண்டு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாகப் போட்டேன். தேய்ந்து மெலிந்த இடம் என்பதால் அதே வகைப் பிளாஸ்டிக் தகட்டில் ஒரு நீள்வட்டத்தை வெட்டி, ஓரங்களைச் சரித்து, மேலே வைத்துச் சுற்றிலும் உருக்கிச் சேர்த்தேன். எஃகு வலையைப் பதிப்பவர்கள் உண்டு, உள்பக்கம் கை எட்டும் இடமென்றால் நானும் பதித்திருப்பேன். இங்கே கை எட்டவில்லை, வெளிப்பக்கம் பதித்தால் தேய்மானத்தில் கம்பி எட்டிப் பார்க்கும்.

ஸ்கப்பர் துளை வேறு மாதிரி. வளைவு இறுக்கம், குழாய்ச் சுவர் மெலிது, ஹீட் கன் காட்டினால் குழாயே குழையும். அதனால் தட்டை முனை போட்ட சால்டரிங் அயர்ன். இரண்டு முனையிலும் 2 மில்லிமீட்டர் துளை, ஆழம் குறைந்த குழி. அயர்ன் முனையைக் குழிக்குள் அழுத்தி இரண்டு சரிவையும் கலக்கி, அந்தக் குழைவு ஆறுவதற்குள் சீவல்களை ஊட்டிப் பிசைந்தேன். ராடை விட, அதே படகிலிருந்து எடுத்த சீவல் இங்கே சுலபமாகக் கலந்தது. ஜன்னல் கதவெல்லாம் திறந்து வைத்துத்தான் செய்தேன், அயர்னில் ஒட்டியது புகையும், அந்த நெடி நல்லதில்லை.

தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்கும் ஆசை வரும், கூடாது. சட்டென்று குளிர்ந்தால் சுருங்கி இழுத்து வெல்டிங்குக்குள்ளேயே இறுக்கம் தங்கிவிடும். ராத்திரி முழுக்க அப்படியே விட்டேன். மேடு தட்டியதை உப்புத்தாளால் தேய்க்காமல் கூர்ச்சுரண்டியால் சீவினேன். உப்புத்தாள் இந்தப் பிளாஸ்டிக்கில் பஞ்சு பஞ்சாக நாரைக் கிளப்பும்.

மறுநாள் பதினைந்து லிட்டர் தண்ணீரை உள்ளே ஊற்றி, பின்முனையைத் தாழ்த்தி, அடியில் காய்ந்த செய்தித்தாளை விரித்து வைத்தேன். காலையில் தாளில் ஒரு நாணயம் அளவு ஈரம். தேடினால், பின்முனை ட்ரில் துளை ஒன்றின் ஓரத்தில் ஊசி முனை அளவு ஓட்டை, துளைக்குள் ராட் முழுவதும் இறங்கவில்லை. காயவைத்து, அந்த இடத்தை மட்டும் சீவி மறுபடி போட்டேன். அடுத்த ராத்திரி தாள் காய்ந்தே இருந்தது. அதன் பிறகுதான் தண்ணீரில் இறக்கினேன், அதுவும் இடுப்பளவு ஆழத்தில், மிதவை உடுப்போடு, கரையை ஒட்டியே மூன்று மணி நேரம். சாய்த்தால் ஒரு ஸ்பூன்கூட வரவில்லை.

முளை வைத்த வண்டியை விட்டுவிட்டேன். அடிப்பகுதியை அகலமான மெத்தைக் கைகளில் தாங்கி வாரால் கட்டும் வண்டிக்கு மாறிவிட்டேன், தனியாக இருந்தால் பின்முனையை இழுக்காமல் அந்த வண்டியில் ஏற்றிய பிறகுதான் நகர்த்துகிறேன். வெல்டிங்கின் நாலு முனைகளிலும் அழியாத பேனாவால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்திருக்கிறேன், முதல் பத்துப் பயணம் ஒவ்வொன்றுக்குப் பிறகும், இப்போது மாதம் ஒரு முறையும், மை தடவித் துடைத்துப் பார்க்கிறேன். பதினாலு மாதம் ஆகிறது. நீள்வட்டத் தகடு ஓரத்தில் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, அதற்காகத்தான் போட்டது. ஸ்கப்பர் பக்கம் இருக்கும் ஒரு கோட்டின் அருகே போன மாதம் லேசான வெளுப்பு தெரிந்தது. மை இறங்கவில்லை, விரிசல் இல்லை, ஆனால் அந்த இடம் இன்னும் வளைகிறது என்று அது காட்டுகிறது. அதனால் அந்தத் துளைக்கு நேர் மேலே கனமான பெட்டியைக் கட்டுவதை நிறுத்தி, முன்பக்கம் மாற்றிவிட்டேன். வெளுப்பு எங்கே முடிகிறது என்று அங்கேயும் ஒரு கோடும் தேதியும் போட்டிருக்கிறேன்.